ஏ-ஒன் விமானம் எது?

மரக்காணம் உப்பளத்தில் மே மாத வெயிலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு சூரியன். கீழே பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன். கண்ணைத் திறக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு, வரப்பில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் கேட்கப் போனது உப்பைப் பற்றி. அவர் கேட்டது விமானத்தைப் பற்றி.

தலைக்கு மேலே ஒன்று வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு தெற்கே போனது. நெற்றியில் கையை வைத்து அது மறைகிற வரைக்கும் பார்த்தார்.

"தம்பி, வர்ற மாசம் எம் பையன் துபாய் போறான். ஏஜென்ட்டு திருச்சியில இருந்துதான் டிக்கெட் சீப்பா கெடச்சுதுன்னு போட்டுட்டாரு. திருச்சியில ஒரு ஏரோப்பிளேன் காம்பவுண்டு செவுத்த இடிச்சிக்கினு போச்சாமே... அந்தக் கம்பெனியா இருந்தா வேணாம்னு சொல்லிடலாமா? எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?"

"எல்லாமே நல்ல கம்பெனிதாங்க்கா" என்றேன்.

"அப்ப ஏன் விழுது?"

பதில் சொல்லாமல் சிரித்துவைத்தேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. இரண்டாயிரம் வருஷமாக இதே கடற்கரையில் நின்று யாராவது ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.

முதலாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில் 'சோபட்மா' என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். ஆக, இன்று உப்பு விளைகிற கரையில் ஒரு காலத்தில் கப்பல் ஏறியிருக்கிறார்கள். எந்தக் கப்பல் உருப்படியாகப் போய்ச் சேரும் என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? தலைவனின் முகத்தைப் பார்த்து, சகுனம் பார்த்து, சொந்தக்காரன் சொன்னதைக் கேட்டு. வேறு வழி?

அந்தக் கேள்விக்கு முதன்முதலாக ஒழுங்கான பதில் தேடியவர்கள் பயணிகள் இல்லை, பணம் போட்டவர்கள். லண்டனில் எட்வர்டு லாய்டு என்பவர் நடத்திய காபிக்கடையில் கப்பல் இன்ஷூரன்ஸ்காரர்கள் கூடுவார்கள். கப்பல் மூழ்கினால் நஷ்டம் அவர்கள் தலையில்தான் விடியும். அதனால் 1760-களில் ஒரு ரகசியப் புத்தகம் போட ஆரம்பித்தார்கள். 1764-ம் வருஷத்துப் பிரதி இன்றைக்கும் இருக்கிறது. கப்பலின் உடம்புக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று மார்க். நங்கூரம், கயிறு, பாய் போன்ற தளவாடங்களுக்குத் தனி மார்க். பிற்பாடு தளவாட மார்க் எண்களாக மாறியது. உடம்பும் பிரமாதம், தளவாடமும் பிரமாதம் என்றால் அந்தக் கப்பல் 'ஏ-ஒன்'!

ஆமாம். நம்ம தெருமுனை ஏ-ஒன் பிரியாணி, ஏ-ஒன் டெய்லர், ஏ-ஒன் டிரைவிங் ஸ்கூல் எல்லாவற்றுக்கும் தாத்தா இந்தக் காபிக்கடைப் புத்தகம்தான்.

ஆனால், அந்தப் புத்தகத்திலும் ஓர் ஓட்டை விழுந்தது. கப்பல் கப்பலாக ஏறிப் பார்ப்பது கஷ்டமான வேலை இல்லையா? 1797 வாக்கில் குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். கப்பலுக்கு என்ன வயசு? எந்த ஊரில் கட்டினது? இந்த இரண்டை வைத்தே மார்க். தேம்ஸ் நதிக்கரையில் கட்டினது என்றால் சலுகை. நன்றாகப் பராமரித்த பழைய கப்பலுக்கு அவமானம். புழுத்துப்போன புதுக் கப்பலுக்கு மாலை மரியாதை. கப்பல் முதலாளிகள் கொதித்துப் போய் 1799-ல் தாங்களே ஒரு போட்டிப் புத்தகம் போட்டார்கள். அதில் யாருக்கு நல்ல மார்க் விழுந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கோஷ்டியும் முப்பத்தைந்து வருஷம் மல்லுக்கட்டி, இரண்டுமே போண்டியாகும் நிலைக்கு வந்தபிறகு 1834-ல் ஒன்றாகச் சேர்ந்தன. அதன்பிறகுதான் சர்வேயர்கள் கப்பலில் இறங்கிப் பலகையைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் ஒழுங்குக்கு வந்தது.

இப்போது விமானத்துக்கு வருவோம். நாமும் கம்பெனியை எடைபோடும்போது அந்தக் குறுக்குவழிகளில்தானே போகிறோம்? விமானம் புதுசா, எந்த நாட்டுக் கம்பெனி... இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டுவிட்டோம். எத்தனை பேர் செத்தார்கள்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டு அக்டோபர் 12-களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது 1976. நள்ளிரவு தாண்டிய நேரம். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸின் காரவெல் விமானம். ஃப்ளைட் நம்பர் 171. கிளம்பிய சற்று நேரத்தில் என்ஜினில் ஒரு வட்டத்தகடு உடைந்து சிதறியது. அலுப்பினால் உடைந்தது! உலோகமும் அலுத்துப்போகும். திரும்பத் திரும்பச் சுமை தாங்கித் தாங்கி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுந்து, அது வளர்ந்து வளர்ந்து ஒருநாள் விட்டுவிடும். சிதறிய துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்தன. தீ. விமானிகள் உடனே திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் திரவம் போய்விட்டிருந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், சில நூறு அடி உயரத்தில் மூக்கு கவிழ்ந்தது. 95 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

தமிழ்நாடு அந்த விபத்தை இன்னொரு பெயரால் ஞாபகம் வைத்திருக்கிறது. அதில் நடிகை ராணி சந்திரா இருந்தார். அம்மாவும் சகோதரிகளும் கூடவே. ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய 'பத்ரகாளி' படம் பாதியில் நின்றது. அவரைப் போன்ற தோற்றமுள்ள வேறொரு பெண்ணை வைத்து மிச்சக் காட்சிகளை எடுத்து, அந்த வருஷக் கடைசியிலேயே வெளியிட்டார்கள். படம் பார்த்த பலர், எந்தக் காட்சியில் ராணி சந்திரா, எந்தக் காட்சியில் அவர் இல்லை என்று திரையையே தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இரண்டாவது அக்டோபர் 12, 2018-ல். இதுவும் நள்ளிரவுக்குப் பின்னால்தான். அக்கா சொன்ன அதே சுவர். திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. உள்ளே 136 பேர். ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது கேப்டனின் நாற்காலி முதுகுச் சாய்வு பொசுக்கென்று பின்னால் சரிந்தது. மனிதன் விழும்போது கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான் இல்லையா? அவர் கை என்ஜின் விசையின் மேல் இருந்தது. உடம்போடு சேர்ந்து விசையும் பின்னுக்கு வந்துவிட்டது. என்ஜினின் சக்தி குறைந்தது. அதை இரண்டு விமானிகளுமே கவனிக்கவில்லை. ஓடுபாதை முடியும் இடத்தில் விமானம் நொண்டிக்கொண்டு எழும்பியது. ஆன்டெனாவில் மோதியது. காம்பவுண்டு சுவரை உடைத்தது. அடிவயிற்றில் கிழிசலோடு மேலே போயேவிட்டது!

கீழே இருந்தவர்களுக்குப் பதற்றம். மேலே, கருவிகள் எல்லாம் சரியாகத்தான் காட்டுகின்றன என்று துபாயை நோக்கிப் பயணம் தொடர்ந்தது. வெகுநேரம் கழித்துத்தான் மும்பைக்குத் திருப்பி விடப்பட்டு, விடிகாலையில் பத்திரமாக இறங்கியது. செத்தவர்கள்: பூஜ்யம்.

எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கெடுக்கும் பட்டியலில் முதல் அக்டோபர் 12-க்கு 95 என்று எழுதுவார்கள். இரண்டாவதற்கு வரியே இருக்காது. அந்தச் சுவர் இன்னும் இரண்டு வரிசைச் செங்கல் உயரமாக இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நினைக்கவே குலை நடுங்குகிறது. ஆக, அந்தப் பட்டியல் அளப்பது கம்பெனியின் லட்சணத்தையா, செங்கல்லின் உயரத்தையா?

கான்கார்டு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது. 24 வருஷம் ஒரு பயணிகூடச் சாகவில்லை. உலகத்திலேயே பத்திரமான ஜெட் எது என்று கேட்டால் புள்ளிவிவரம் கான்கார்டைத்தான் காட்டும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில், ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகத் துண்டில் ஏறி டயர் வெடித்தது. டயர்ச் சிதறல் பட்டு எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்தில் 109 பேர், தரையில் 4 பேர். அவ்வளவுதான். கான்கார்டு பறந்ததே கொஞ்சம் என்பதால், ஒரே நாளில் அதே புள்ளிவிவரம் அதைப் பட்டியலின் அடிமட்டத்துக்குத் தள்ளிவிட்டது. முந்தின நாள் இரவு பத்திரமாக இருந்த விமானம் மறுநாள் காலையில் எமனாகிவிட்டதா என்ன? 1979-லேயே வாஷிங்டனில் கான்கார்டின் டயர் வெடித்து, எரிபொருள் தொட்டி ஓட்டையாகியிருந்தது. அன்று யாரும் சாகவில்லை. அதனால் பட்டியலில் ஏறவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. விமான மரணம் என்பது இப்போது அவ்வளவு அபூர்வம். எம்.ஐ.டி. பேராசிரியர் ஆர்னால்டு பார்னெட்டும் சகாக்களும் போட்ட கணக்கு: 1968-லிருந்து 1977 வரை உலகம் முழுக்க, மூன்றரை லட்சம் தடவை பயணிகள் விமானம் ஏறினால் ஒரு சாவு. 2018-லிருந்து 2022 வரை, 1 கோடியே 37 லட்சம் தடவைக்கு ஒரு சாவு. ராணி சந்திரா பறந்த உலகமும் அக்காவின் பையன் பறக்கப்போகிற உலகமும் ஒன்றே அல்ல. ஆனால், இவ்வளவு அபூர்வமான ஒன்றை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடவும் முடியாது. வருஷத்துக்கு ஐயாயிரம் தடவை பறக்கிற சின்னக் கம்பெனி ஒன்று, பத்து வருஷமாக எங்களிடம் விபத்தே இல்லை என்று மார்தட்டினால் அதற்கு அர்த்தம், இன்னும் சரியாகச் சோதிக்கப்படவில்லை என்பதுதான்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. 2025 ஜூன் 12, அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தின் நம்பரும் 171. விமானத்தில் 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்த நம்பரையே ஏர் இந்தியா பிறகு விலக்கிவிட்டது. 1976-க்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை எண்ணி மாளவில்லை. எண்ணைக் கூட்டினால் ஒன்பது வருகிறதாம்! அக்டோபர் 12 இரண்டு தடவை வந்ததற்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் இதற்கும். ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் வந்த முதல்கட்ட அறிக்கை சொன்ன விஷயத்தைத்தான் நாம் படித்திருக்க வேண்டும். கிளம்பியவுடனே இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போயிருந்தன. ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்க, நான் அணைக்கவில்லை என்கிறார் மற்றவர். நம்பர் ஜோசியம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்?

சரி, செத்தவர்கள் எண்ணிக்கை உதவாது என்றால் எதைத்தான் பார்ப்பது?

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் விமானம் ஒன்று வாஷிங்டன் அருகே இறங்க வரும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்கான உத்தரவை விமானிகள் ஒருவிதமாகப் புரிந்துகொண்டார்கள், தரையிலிருந்தவர்கள் வேறுவிதமாக நினைத்திருந்தார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது! அந்த விமானிகள் தங்கள் கம்பெனியில் சொன்னார்கள். கம்பெனி தன் விமானிகளை உஷார்படுத்தியது. பக்கத்துக் கம்பெனிக்குத் தெரியவில்லை.

இதிலிருந்துதான், 1976-ல், விண்வெளிக்காரர்களான நாஸாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானி, டவரில் இருப்பவர், மெக்கானிக், யாராக இருந்தாலும் தான் செய்த தப்பைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்த குற்றமாக இல்லாதவரை தண்டனையிலிருந்து விலக்கு. அந்தத் தப்பு எல்லோருக்கும் பாடமாகும். நம்மூர் ஆபீஸ்களில் இப்படி ஒன்றை நினைத்துப் பாருங்கள். தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினால் மெமோதான் வரும்!

என் கட்சி இதுதான். ஒரு கம்பெனி பத்திரமானதா என்று பார்க்க, அங்கே யாரும் சாகாத தப்புகள் என்னவாகின்றன என்று பார்க்க வேண்டும். எழுதப்படுகின்றனவா, மறைக்கப்படுகின்றனவா? அதைக் கேட்கிற அதிகாரம் உள்ளவர் யார்? அவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

இந்தியாவில் 2012 வரை, விமானக் கம்பெனிகளை மேற்பார்க்கும் டி.ஜி.சி.ஏ.வே பெரும்பாலான விபத்துகளையும் விசாரித்தது. மேற்பார்வையிலேயே கோளாறு என்றால்? தன் பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்துவதுதான். 2012-ல் விபத்து விசாரணைக்கென்று தனிப் பிரிவு வந்தது. திருச்சி நாற்காலி விவகாரத்தை விசாரித்து, அறிக்கையைப் பொதுவில் வைத்தது அந்தப் பிரிவுதான். அதனால்தான் நாற்காலிச் சாய்வுக் கதையை நானும் நீங்களும் இன்று பேச முடிகிறது.

2014 ஜனவரியில் அமெரிக்க விமானத்துறை இந்தியாவைத் தரமிறக்கியது. விமானம் விழுந்ததற்காக இல்லை. பரிசோதிக்கப் போதுமான முழுநேர அதிகாரிகள் இல்லை என்பதற்காக! நமக்கு ரோஷம் வந்தது. ஆட்களைச் சேர்த்தோம். 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. அடி விழாமலேயே திருந்திய அபூர்வக் கதை இது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டின்மேல் இருக்கும் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருந்தார். குறட்டை ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. திரும்ப மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று தடவை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. அடுத்த வருஷம், விமானப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த சென்னைக்காரர் கேப்டன் மோகன் ரங்கநாதன் எச்சரித்தார்: கோழிக்கோட்டிலும் இதே மாதிரி மேட்டு ஓடுபாதை. மழையில், பின்காற்றோடு, பத்தாம் எண் பக்கம் இறங்குவது உயிரோடு விளையாட்டு. 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து வந்த விமானம் மழையில், பின்காற்றோடு, அதே பத்தாம் எண் பக்கம் இறங்கியது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் போனார்கள்.

ஒன்பது வருஷம். எச்சரிக்கை எழுத்தில் இருந்தது.

பயணியால் இதையெல்லாம் டிக்கெட் எடுக்கும்போது சோதிக்க முடியாதுதான். ஓரளவுக்கு முடியும். பாதுகாப்பில் மோசம் என்று ஐரோப்பிய யூனியன் தன் வானத்தில் அனுமதிக்காத கம்பெனிகளின் பட்டியல் 2006-லிருந்து வருகிறது. சர்வதேச விமானக் கம்பெனிகள் சங்கம் 2003-லிருந்து ஒரு தணிக்கை நடத்துகிறது; தேறியவர்கள் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். முதல் பட்டியலில் இருந்தால் ஏறாதீர்கள். இரண்டாவதில் இருந்தால் நல்லது. அதற்கு மேல், தேறிய பெரிய கம்பெனிகளுக்குள் எது ஏ-ஒன், எது ஏ-டூ என்று நட்சத்திரம் போட்டு யாராவது சொன்னால், 1799-ல் கப்பல் முதலாளிகள் போட்ட புத்தகத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது என் வழக்கம்.

அக்காவின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் போட்டேன். சுவரை இடித்த கம்பெனி என்று பயப்பட வேண்டாம். என்ன நடந்தது என்று விசாரித்து எழுதியிருக்கிறார்கள். பையன் எந்தக் கம்பெனியில் போனாலும் பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள் என்றேன். நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார்.

"திருச்சி ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறீங்க?"

"வேன் சொல்லியிருக்குது தம்பி. வழியனுப்ப நாங்க ஒரு பதினெட்டுப் பேரு வர்றோம். ராத்திரியே கெளம்பிடுறோம்."

இருநூறு கிலோமீட்டருக்கு மேல். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884.

"டிரைவர் யாருக்கா?"

"நம்ம பக்கத்து ஊரு புள்ளதான். பகல்ல உப்பு லோடு அடிக்கிறான். நைட்டுக்கு நமக்கு வரேன்னிருக்கான்."

"பகல் பூரா லோடு அடிச்சிட்டா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இரு தம்பி, அவன் நம்பரு பையன்கிட்ட இருக்குது, கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.